கூட்டை அப்புறம் பாருங்கள், அடியை முதலில் பாருங்கள்

கேள்வி: அண்ணன் அவர்களுக்கு வணக்கம். படகுப் பட்டறையில் நீண்டகாலம் ஃபைபர்கிளாஸ் வேலை செய்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். என் மகள் குடும்பம் கனடாவின் வின்னிப்பெக் நகரில் இருக்கிறது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் ‘போலர்’ என்ற பழைய ஃபைபர்கிளாஸ் கேரவன் ஒன்று அங்கே விலைக்கு வந்திருக்கிறது. 1974இல் செய்ததாம். கூரையில் விரிசல், மழை பெய்தால் ஒழுகல், கதவோரத்தில் கால் வைத்தால் தரை அமுங்குகிறது. ஜூன் மாதம் நானும் மனைவியும் அங்கே போகிறோம். நான் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஃபைபர்கிளாஸைத் தொட்டதில்லை. மருமகனை வாங்கச் சொல்லலாமா? ஃபைபர்கிளாஸ் ஒட்டும் பிசினான ரெசினை இங்கிருந்தே வாங்கிப் போய்விடட்டுமா?
– வாசகர், ஈசூன்

பதில்: தம்பி, வாங்கச் சொல்லலாம். ஆனால் முன்பணம் கொடுப்பதற்குள் மருமகனை ஒரு டார்ச் விளக்கோடு அந்த வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

விரிசலைக் கண்டுதான் எல்லோரும் மிரளுகிறார்கள். என்னைக் கேட்டால், உங்கள் பட்டியலிலேயே சுலபமான வேலை அதுதான். இந்த வகை வண்டி உங்கள் மகள் ஊரிலேயே பிறந்தது. 1968இல் ரே ஒலெக்கோ என்பவர் வின்னிப்பெக்கில் இதைச் செய்யத் தொடங்கினார். அதற்கு முன் ஃபைபர்கிளாஸில் கழிவுநீர்த் தொட்டி வடிவமைத்தவர் அவர். மேல்பாதி, கீழ்பாதி என இரண்டாக வார்த்து நடுவில் சேர்த்திருப்பார்கள். நீளம் 13 அடி, எடை ஏறக்குறைய 450 கிலோ. சுவருக்குள் மரச்சட்டம் கிடையாது. அதனால் சுவர் உளுத்துப்போவது என்ற பேச்சே இல்லை. ஐம்பது ஆண்டு தாண்டியும் இவை சாலையில் ஓடுவதற்குக் காரணம் அந்தக் கூடுதான்.

கெட்டுப்போவது இரும்பும் பலகையும். காரின் கொக்கியில் மாட்டும் முன்சட்டம் கேரவனின் உடலுக்கு அடியில் வளைந்து நுழைகிறதே, அந்த வளைவில் விரிசல் விடுவது இந்த வண்டிகளின் பழைய வியாதி. பெயிண்ட் அதை மறைத்திருக்கும். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் பற்றவைத்து, மேலே ஒரு தகடும் கொடுங்கள். உங்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சக்கர அச்சில் ஸ்பிரிங் இருக்காது. இரும்புக் குழாய்க்குள் இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொடுப்பதுதான் அங்கே ஸ்பிரிங்கின் வேலையைச் செய்கிறது. வண்டி காலியாக நிற்கும்போது சக்கரத்தைத் தாங்கும் கை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் ரப்பரில் இன்னும் உயிர் இருக்கிறது. மேல்நோக்கிப் போயிருந்தால் புது அச்சுதான். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் வெல்டிங் செய்யும்போது அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் சூடு போகவே கூடாது, ரப்பர் வெந்துவிடும். ஃபைபர்கிளாஸும் தீப்பிடிக்கும். இடையில் தீத்தடுப்புத் துணி கட்டாயம்.

அடிச்சட்டத்தில் இருக்கும் எண்ணும் உரிமைப் பத்திரத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

அமுங்கும் தரை ஒட்டுப்பலகை. உளுத்த பகுதியைப் பகுதி பகுதியாக வெட்டி மாற்றுங்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் பெயர்த்தால் கூடு அகன்றுகொடுக்கும். பிறகு கதவு சேராது. இதே காரணத்துக்காகத்தான், உள்ளே இருக்கும் துணி அலமாரியை ‘இடத்தை அடைக்கிறது’ என்று யாராவது கழற்றச் சொன்னால் விடாதீர்கள். கூரையைத் தாங்கி நிற்பது அதுவும்தான்.

ஒழுகல் பெரும்பாலும் ரிவிட் துளைகள், ஜன்னல் ரப்பர், கூரைத் திறப்பின் விளிம்பு ஆகியவை வழியாகத்தான் வரும். பழைய ரிவிட்டைத் துளைத்து எடுத்துவிட்டுப் புதியதை அடைப்புப் பசையோடு அடியுங்கள். ஜன்னல், கூரைத் திறப்புச் சட்டங்களுக்கு பியூட்டைல் என்ற ரப்பர் ஒட்டுப்பட்டை. சிலிக்கோன் மட்டும் வேண்டாம். அதை அப்பிய இடத்தில் பிறகு பெயிண்டும் பிடிக்காது, ரெசினும் பிடிக்காது. சிலிக்கோன் பூசிய படகு பட்டறைக்குள் வந்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும்.

இப்போது கூரை விரிசல். முதலில் சுற்றிலும் நாணயத்தால் தட்டிக் கேளுங்கள். ‘டக்’ என்று கெட்டியாக ஒலித்தால் நல்ல இடம்; மந்தமாகக் கேட்டால் அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. அசிட்டோனால் துடைத்த பிறகே தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய மெழுகு உள்ளே ஏறிவிடும். விரிசலின் இருபுறமும் சரிவாகத் தேயுங்கள்: ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் சரிவு. புண் சின்னதாக இருக்கிறதே என்று சரிவைக் குறைத்தால் ஒட்டு நிற்காது. முகமூடியும் முழுக்கைச் சட்டையும் அவசியம்.

பிறகு கண்ணாடி இழைப் பாய் வைத்துப் பாலியெஸ்டர் ரெசின் பூசுங்கள். வெள்ளையாக இருக்கும் பாய் ரெசின் ஊறஊறக் கண்ணெதிரே கண்ணாடிபோல் தெளிந்து, கீழே தேய்த்த கோடுகள் தெரியும். எங்கே வெள்ளை மிச்சமிருக்கிறதோ அங்கே காற்று இருக்கிறது. உருளையால் ஓரத்தை நோக்கி உருட்டி வெளியேற்றுங்கள். எபாக்சி வேண்டாம், அதன்மேல் ஜெல்கோட் என்ற பளபளப்பான மேற்பூச்சு சரியாகப் பிடிக்காது.

நம் ஊர்ப் பழக்கம் அங்கே செல்லாது, இதை நன்றாக மனத்தில் வையுங்கள். இங்கே முப்பது டிகிரி வெயிலில் நூறு கிராம் ரெசினுக்கு அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் ஒரு கிராம் விட்டாலே கிண்ணத்தில் இறுகத் தொடங்கிவிடும். அங்கே ஜூன் இரவில் பத்து, பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும். 15 டிகிரிக்குக் கீழே ரெசின் சரியாக இறுகாது; இறுகியதுபோல் தெரிந்தாலும் உள்ளே பச்சையாகவே இருக்கும். காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் இரண்டுக்குள் முடித்துவிடுங்கள். ஹார்ட்னர் அளவு டப்பாவில் எழுதியிருக்கும் வரம்புக்குள் இருக்கட்டும்.

ரெசினையும் ஹார்ட்னரையும் பெட்டியில் வைக்காதீர்கள், தம்பி. ரெசின் தீப்பற்றக்கூடியது, ஹார்ட்னர் பெராக்சைடு. இரண்டும் பயணிகளின் பெட்டியில் விமானம் ஏறக் கூடாதவை. படகுப் பொருள் விற்கும் கடைகளில் அங்கேயே கிடைக்கும். இங்கிருந்து எடுத்துப்போவதானால், உங்கள் கைக்குப் பழகிய வெல்டிங் கையுறையும் முகக்கவசமும் போதும்.

நீங்கள் ஊர் திரும்புவதற்குள் மருமகனிடம் ஒன்று சொல்லிவிட்டு வாருங்கள்: குளிர் தொடங்குமுன் தண்ணீர்த் தொட்டியையும் குழாய்களையும் முழுக்க வடித்துவிட வேண்டும். உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்தால் குழாய் பிளந்துவிடும்.