நீண்ட ஆங்கிலக் கூட்டுப்பெயர்களில் அழுத்தம் எங்கே விழும்?

வணக்கம். ‘கிச்சன் டவல் ரேக்’ என்பதில் எந்தச் சொல்லை அழுத்திச் சொல்வது, அகராதியில் தனிச்சொற்கள் மட்டுமே இருக்கின்றனவே என்று கேட்டிருந்தீர்கள். அசைகளை எண்ணுவதால் இதற்கு விடை கிடைக்காது. எந்த இரு சொற்கள் முதலில் சேர்கின்றன என்பதையே பார்க்க வேண்டும். சமையலறைத் துண்டுகளை மாட்டும் சட்டம் என்று பொருள் கொண்டால், முதல் இரண்டும் ஒன்றாகி, முதன்மை அழுத்தம் ‘கிச்சன்’ மீது விழும். துண்டு மாட்டும் சட்டம் ஒன்று சமையலறையில் இருக்கிறது என்று கொண்டால், பின்னிரண்டும் இணைந்து, அழுத்தம் ‘டவல்’ மீது நகரும். ‘ஃபயர் எஞ்சின் டிரைவர்’ முதல் வகையைச் சேர்ந்தது. எனவே அங்கே ‘ஃபயர்’ ஓங்கி ஒலிக்கும்.

இப்படிச் சேரும் இரு சொற்களில் முன்சொல்லே பொதுவாக அழுத்தம் பெறுகிறது என்பதற்கு விதிவிலக்குகளும் உண்டு, அவற்றில் சிலவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ‘ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்’ முன்சொல்லில் அழுத்தம் பெற, ‘ஆக்ஸ்ஃபோர்டு ரோடு’ பின்சொல்லில் பெறுகிறது. இதற்குக் காரணம் கேட்டால் ஆங்கிலேயரே விழிப்பார்கள். ‘ஆப்பிள் பை’யும் பின்சொல் அழுத்தமே.

பயிற்சியின்போது அழுத்தச் சொல்லை உரத்துக் கத்த வேண்டியதில்லை. அந்தச் சொல்லின் வலுவான அசையில் குரலை உயர்த்தி, சற்றே நீட்டி, பின்வரும் சொற்களைத் தாழ்ந்த குரலில் விரைவாகச் சொல்லிப் பாருங்கள்.