பீரோ நிறையத் துணி இருந்தும் குவில்ட்டுக்குப் போதவில்லையா?

கேள்வி: கோவையில் வீட்டிலேயே மூன்று வருடங்களாக குவில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து, நடுவே பஞ்சு வைத்த போர்வை) தைக்கிறேன். வருடத்துக்கு இரண்டு முடிப்பேன். ஒரு பீரோவும் ஒரு டிரங்குப் பெட்டியும் துணியால் நிரம்பிவிட்டன. இனி ஒரு மீட்டர்கூட வாங்குவதில்லை என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. ஆனால் தைக்க உட்கார்ந்தால் ஏதாவது ஒரு துணி குறைகிறது. இதற்கிடையில் ஒருவர் வாட்ஸ்அப்பில், எக்ஸ்போர்ட் காட்டன் பிட் (வெட்டுத் துண்டுகள்) 10 கிலோ கட்டாகத் தருகிறேன், முன்பணம் அனுப்புங்கள் என்கிறார். வாங்கலாமா? இல்லை, இருப்பதை முடித்த பிறகுதான் வாங்க வேண்டுமா?

பதில்: அந்த 10 கிலோ கட்டை வாங்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் பீரோவில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

துணியை மீட்டரில் அளந்துகொண்டிருந்தால் ஒரு வாரம் ஓடிவிடும். எடை போடுங்கள். பைகளில் கட்டி, ஆள் எடை பார்க்கும் மெஷினில் பையோடு ஒரு தடவை, பை இல்லாமல் ஒரு தடவை ஏறி நின்றால் போதும். சட்டைக்குப் போடுகிற மெல்லிய காட்டன், 44 அங்குல அகலத்தில் ஒரு மீட்டர் ஏறக்குறைய 130 கிராம் இருக்கும். இரட்டைக் கட்டிலுக்கு 90-க்கு 100 அங்குலத்தில் குவில்ட் தைக்க, தையலுக்குள் போவதையும் சேர்த்து, மேல்பக்கத்துக்கு 7 மீட்டர் பிடிக்கும். அதாவது சுமார் ஒரு கிலோ. உங்கள் பீரோவும் பெட்டியும் சேர்ந்து 20 கிலோ தேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தைக்கிற வேகத்துக்கு அது பத்து வருட வேலை.

அப்படியானால் ஏன் குறைகிறது? இருக்கிற துணிகளையெல்லாம் தரையில் பரப்பி, செல்போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன். சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கண்ணுக்கு அத்தனை வகையாகத் தெரிந்த துணிகள், படத்தில் முக்கால்வாசி ஒரே சாம்பல் நிறத்தில் நிற்கும். கடையில் கை போவது எப்போதும் பூப்போட்ட நடுத்தர நிறங்களுக்குத்தான். வெளிர் நிறமும் நல்ல அடர் நிறமும் இல்லாமல், துண்டுகளைச் சேர்த்துத் தைத்த கட்டங்கள் எடுத்துக் காட்டாது. உங்களுக்குக் குறைவது அந்த இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று அடித்துணி, அதாவது குவில்ட்டின் பின்பக்கத்துக்கு வைக்கிற துணி. ஆசைப்பட்டு யாரும் அதை வாங்கி வைப்பதில்லை. 44 அங்குலத் துணியில் மூன்று நீளங்களை ஒட்டுப்போட்டுத் தைத்தால்தான் இரட்டைக் கட்டில் குவில்ட்டுக்கு அடி மூடும். அதற்கே 8 மீட்டர் ஆகிறது. ஓரப்பட்டிக்கு முக்கால் மீட்டர் போதும், அதை இருப்பிலேயே எடுத்துக்கொள்ளலாம். அடிக்குக் கரூர்ப் பக்கம் நெய்கிற அகலமான பெட்ஷீட் துணி வாங்கினால் ஒட்டு வேலை மிச்சம். ஆனால் கையால் குவில்ட் தையல் போடுபவர் என்றால் நெருக்கமான நெய்வைத் தவிர்த்துவிடுங்கள், ஊசி இறங்காமல் விரல் நுனி புண்ணாகிவிடும்.

ஆகவே இருப்பு முடியும்வரை வாங்கக் கூடாது என்ற சபதம் தேவையில்லை. பாதியில் நிற்கும் குவில்ட்டை முடிப்பதற்கு வாங்குங்கள். புதிதாக ஒன்றை ஆரம்பிக்கலாமே என்று வாங்காதீர்கள்.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஒரே நிறத்தில் பிளெய்ன் துணியைப் பின்னணியாக வைத்துத் தைப்பதாக இருந்தால், முழுக் குவில்ட்டுக்கும் வேண்டியதை அரை மீட்டர் கூடவே சேர்த்து, ஒரே நாளில், ஒரே தானிலிருந்து (கடையில் சுற்றி வைத்திருக்கும் முழுத் துணியிலிருந்து) வெட்டி வாங்கிவிடுங்கள். சாயம் லாட் லாட்டாகப் போடுவது. அடுத்த லாட் அதே எண்ணோடு வந்தாலும் அதே நிறம் வராது. கடையின் டியூப்லைட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வீட்டு வாசல் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மஞ்சள் ஓடி நிற்கும். கொஞ்சமாக வாங்குவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற சிக்கனம் இங்கே பலிக்காது. இருப்பு எவ்வளவு இருந்தாலும் இதற்கு மட்டும் கையைச் சுருக்காதீர்கள். இயற்கைச் சாயத் துணி என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

இப்போது கிலோ வியாபாரத்துக்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன் நானும் ஒருவரிடம் 12 கிலோ கட்டு வாங்கினேன். மேலே நாலைந்து அருமையான சட்டைத் துணிகள். கயிற்றை அவிழ்த்தால் உள்ளே பனியன் துணி, திரைச்சீலை ஓரம், கையகலத் துண்டுகள், ஊறவைத்தால் தண்ணீரே கெட்டியாகிற அளவுக்குக் கஞ்சி. அந்தக் கஞ்சிக்கும் சேர்த்துத்தான் நான் எடைக்கு எடை காசு கொடுத்திருந்தேன். பாதிகூடத் தேறவில்லை. பனியன் துணி இழுபடும், நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் கட்டம் கோணும். கனத்த துணி கிலோவுக்கு நாலரை மீட்டர்தான் வரும். ஆனால் அவர்கள் விலை சொல்லும்போது மெல்லிய துணிக்கு வருகிற ஏழு மீட்டர் கணக்கையே சொல்வார்கள்.

துணி முழுத் தானாக இருக்கும்போது, அதில் காட்டன் எவ்வளவு, பாலியஸ்டர் எவ்வளவு என்ற விவரம் வழக்கமாகக் கரையில் அச்சாகி வரும். வெட்டிப் பிட்டாக்கியதும் கரை போய்விடுகிறது, அதோடு விவரமும் போய்விடுகிறது. பிஸ்கட் பாக்கெட்டில் என்ன மாவு என்று பார்த்து வாங்குகிறோம். பிட் துணியில் பாலியஸ்டர் எவ்வளவு என்று கேட்டால், ‘பியூர் காட்டன் மேடம்’ என்ற ஒரு வாய்வார்த்தைதான் பதில். பில் கிடையாது, திருப்பி எடுப்பது கிடையாது. எந்த அதிகாரி வந்து எந்தக் கட்டைப் பிரித்துப் பார்க்கிறார்? முன்பணம் போட்ட பெண்கள்தான் ஏமாந்து நிற்கிறார்கள். எனக்கு இதில் பொறுமை போய்விட்டது.

அதனால் நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, வாசலில் வைத்துக் கொளுத்துங்கள். காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, நுனியில் மணிபோல இறுகிவிடும். ரேயானும் காட்டன் மாதிரியே எரியும். அதைக் கண்டுபிடிக்க இழையை நனைத்து இழுத்துப் பாருங்கள், சுலபமாக அறுந்துவிடும். காட்டன் இழை நனைந்தால் இன்னும் உறுதியாகும்.

உங்கள் வாட்ஸ்அப்காரரிடம் கட்டைப் பிரித்து, உள்ளே இருப்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு மீட்டர் மட்டும் முதலில் விலைக்குத் தரச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இதற்குச் சம்மதித்தவர்கள் யாரும் இல்லை.

ஈரோடு உங்களுக்குப் பக்கம்தானே. திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கிற ஜவுளிச் சந்தைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய் வாருங்கள். மொத்த வியாபாரம்தான் அதிகம், இருந்தாலும் சில்லறைக்குக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அடித்துணி 8 மீட்டர், வெளிர் நிறம் 2, அடர் நிறம் 2 என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டேப்பையும் கையோடு கொண்டுபோய் அகலத்தை அளந்து பாருங்கள், 44 என்பார்கள், 42 இருக்கும். வாங்கி வந்ததும் பீரோவில் வைக்காமல் அன்றே நனைத்துக் காயப்போட்டு, பாதியில் நிற்கும் குவில்ட்டின் மேலேயே மடித்து வையுங்கள்.