துணி மாதிரி இருப்பதெல்லாம் துணியா?

கேள்வி: எங்கள் பக்கத்துக் கடைகளில் பாலித்தீன் கவரை நிறுத்திவிட்டு, கலர் கலராகத் துணிப்பை தருகிறார்கள். நானும் ஆசையாகச் சேர்த்து வைத்தேன். கொல்லையில் வெயில் படுகிற இடத்தில் தொங்கவிட்டது தூள் தூளாக உதிர்கிறதே, துணி இப்படி உதிருமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உதிராது அம்மா. அது துணியே இல்லை, பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். வெள்ளை அரிசிச் சாக்கு எதில் செய்கிறார்களோ அதே சரக்குதான், என்ன, நெய்யாமல் இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டியிருப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடாது, புள்ளி புள்ளியாக அழுத்திய தடம்தான் தெரியும். இன்னும் சந்தேகம் என்றால் வாசலில் வைத்து ஒரு சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், இது சுருண்டு உருகிவிடும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருட்களில் இந்தப் பையும் உண்டு, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு. இரண்டும் இன்றைக்கும் தாராளமாகப் புழங்குகின்றன என்பது வேறு கதை! உதிர ஆரம்பித்ததைக் குப்பைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், அந்தத் தூள் மண்ணில் மக்காது.

கேள்வி: மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால், எங்கள் கடைமடைக்குத் தண்ணீருக்கு முன்னால் குப்பைதான் வந்து மதகை அடைக்கிறது. நான் ஒருத்தன் கவர் வாங்காமல் இருந்து என்ன ஆகப்போகிறது?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: கோபம் நியாயம்தான். ஆனால் மதகில் வாரிப்போட்டதை ஒருமுறை கிளறிப் பாருங்கள், சாம்பார், சட்னி கட்டிய கவர்கள் நிறையவே இருக்கும். பால் கவருக்காவது பழைய பேப்பர்க்காரர் காசு தருவார், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கவரை யாரும் தொடமாட்டார்கள், அதனால் அது நேராக வாய்க்காலுக்குத்தான் போகும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டாம், பார்சல் வாங்கப் போகும்போது மட்டும் ஒரு தூக்குவாளி எடுத்துப் போங்கள். சர்வர் ஒரு மாதிரி பார்ப்பார், அப்புறம் பழகிவிடும். கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைக் கவரில் ஊற்றிச் சாப்பிடுவதும் நல்லதில்லை.

வாரிய குப்பையைக் கரையில் குவித்துக் கொளுத்தாதீர்கள், விஷப்புகை வயல் வேலை பார்ப்பவர்கள் மூக்கில்தான் ஏறும். அப்படியே விட்டாலும் அடுத்த மழைக்குத் திரும்ப வாய்க்காலுக்கே வரும். சாக்கில் கட்டி ஊராட்சித் தூய்மைக் காவலரிடம் சேர்ப்பதுதான் சரி, அதையும் தண்ணீர் வருவதற்கு முன்பே செய்யுங்கள்.