கட்டைவிரல் அடியில் நோகிறதா?

கேள்வி: நிலாவெளி வீதி வளைவில் மணலில் சறுக்கி மோட்டார் சைக்கிளோடு விழுந்து மூன்று கிழமை. ஹெல்மெட் போட்டிருந்தேன், மயங்கவில்லை. முழங்காலில் உரசல் காயம், விலா நோ, இடது மணிக்கட்டில் கொஞ்சம் நோ. இரவில் நித்திரை இல்லை. சைக்கிளில் கை வைத்தாலே நடுங்குகிறது. மூளையில் இரத்தம் கசிந்தாலும் நடுக்கம் வருமென்று இணையத்தில் இருக்கிறது. டைக்குளோபெனக் என்ற நோக் குளிசையும் அன்டிபயோட்டிக்கும் வாங்கிப் போடுகிறேன். – வயது 27, உப்புவெளி

பதில்: கசிவினால் வரும் நடுக்கம் சைக்கிளைக் கண்டால் மட்டும் வராது, தம்பி. நாளுக்கு நாள் கூடும் தலையிடி, வாந்தி, பகலிலும் தூங்கி விழுதல், பேச்சுக் குழறல், இவற்றில் ஒன்று வந்தால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். உங்கள் கடிதத்தில் தலையிடி என்ற சொல்லே இல்லை. நடுச்சாமத்தில் இணையத்தில் நோய் தேடினால் இருக்கிற நித்திரையும் போகும்.

எனக்கு யோசனை அந்த மணிக்கட்டில்தான். இடது கட்டைவிரலை நன்றாக நிமிர்த்துங்கள். அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம், இரண்டு தசைநார் எழும்பி நடுவில் ஒரு குழி விழும். அதை மற்றக் கை விரல்நுனியால் அழுத்துங்கள். சுள்ளென்று நொந்தால், ஸ்கபொயிட் என்ற கஜுப் பருப்பளவு எலும்பில் வெடிப்பு உண்டென்றே வைத்துக்கொள்ள வேண்டும். கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு மணிக்கட்டின் சிறு எலும்புகளில் அதிகம் முறிவது இதுதான். விழுந்த அன்று எடுக்கும் எக்ஸ்ரேயில் வெடிப்பு தெரியாமல் போகலாம். 10 முதல் 14 நாளில் திரும்ப எடுத்துப் பார்ப்பது அதற்காகத்தான். இந்த எலும்புக்கு இரத்தம் விரல் பக்கமிருந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் பின்துண்டுக்கு இரத்தம் குறைந்து, பொருந்தாமலே கிடக்கலாம். அப்படிக் கிடந்தால் சில வருடத்தில் மூட்டும் தேயும். வீக்கம் பெரிதாக இராது, கையும் அசையும். அதனால் சுளுக்கென்று எண்ணெய் போட்டு உருவுகிறார்கள். உருவாதீர்கள். கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் கட்டிக்கொண்டு நாளைக்கே பொது வைத்தியசாலைக்குப் போங்கள். பழைய படம் இருந்தால் கையில் எடுத்துப் போங்கள்.

முழங்கால் பொருக்கு தானாக விழும், பிய்க்காதீர்கள். விலா நோ ஆறு கிழமை வரை இழுக்கும். மூச்சு முட்டினால் மட்டும் உடனே காட்டுங்கள். சீழ் இல்லாத காயத்துக்கு அன்டிபயோட்டிக் எதற்கு? மூன்று கிழமை டைக்குளோபெனக் போட்டால் வயிறும் சிறுநீரகமும் என்னாவது? இதற்கிடையில் டெங்குக் காய்ச்சல் வந்தால் அதே குளிசை இரத்தப்போக்கைக் கூட்டும். நோவுக்கு 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளியில். நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம்.

நடுக்கமும் நித்திரையின்மையும் விழுந்து எழும்பிய பலருக்கும் வருகிறவை, அநேகமாக முதல் மாதத்துக்குள் தணியும். பக்கத்து வீட்டார் தரும் நித்திரைக் குளிசை வேண்டாம். கிளச் பிடிக்கிற கை அது, ஆகவே மணிக்கட்டு சரியென்று வைத்தியர் சொல்லும்வரை ஓடவும் வேண்டாம். இப்போதைக்கு எஞ்சினை நிறுத்திவைத்து, நடுக்கம் அடங்கும்வரை சைக்கிளில் சும்மா இருங்கள். பிறகு ஒழுங்கைக்குள் ஓடுங்கள், அதற்குப் பிறகு சனநெரிசல் இல்லாத காலையில் அந்த வளைவு. மாதம் தாண்டியும் விழுந்த காட்சி கனவில் வந்தால், அல்லது நித்திரைக்காகக் குடிக்கத் தொடங்கினால், மனநலப் பிரிவில் காட்டுங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் எடுத்துப் பேசலாம்.

அந்த ஹெல்மெட் தரையில் அடிபட்டிருந்தால் வீசிவிட்டுப் புதிது வாங்குங்கள். வெளியே கீறல்தான் தெரியும். உள்ளே நசுங்கிய ரெஜிபோம் திரும்ப எழும்பாது.