கோவா (முட்டைக்கோஸ்): எப்போது நடுவது, எவ்வளவு இடம் விடுவது?

கேள்வி – வெல்லாவெளி: ஐயா, சித்திரைக் கடைசியில் கோவா நட்டேன். இலை சுளகு மாதிரி விரிந்தது. ஆனி பிறந்தும் உருண்டை கட்டவில்லை. விதை பிழையா?

பதில்: விதையைக் குறை சொல்லமுதல் நாளை எண்ணிப் பாருங்கள். நட்டு 35 நாள் அளவில்தான் உள்ளிலைகள் கிண்ணம் போல வளையத் தொடங்கும். உங்களுக்கு அந்த நேரம் வெக்கையான தென்மேல் காற்றான கச்சானில் போய் விழுந்திருக்கிறது. கோவாவுக்குப் பிடித்தது 15 முதல் 20 பாகை செல்சியஸ். வெக்கை ஏற ஏற உள்ளிலை வளையாமல் வெளிப்பக்கம் விரியும். கே.வை. குறொஸ், கே.கே. குறொஸ் போன்ற வெக்கை தாங்கும் கலப்பினங்களும் கச்சானில் இறுகக் கட்டுவது கடினம்.

அதனால் உருண்டை கட்டும் நாளை முதலில் தீர்மானியுங்கள். இலங்கையின் கிழக்குக் கரையில் நமக்கு அது ஜனவரி நடுப்பகுதிக்கும் பெப்ரவரி நடுப்பகுதிக்கும் இடையில் வரவேண்டும். அங்கிருந்து 60 நாள் பின்னால் எண்ணுங்கள்: நாற்றில் 25, வயலில் 35. நவம்பர் 25 விதைத்தால் டிசம்பர் 20 நடவு, ஜனவரி 24 அளவில் உருண்டை தொடங்கும், பெப்ரவரிக் கடைசியில் வெட்டு. நடும் நாள் பிந்தினால் இடைவெளியைக் கூட்டியும் பசளையைக் கொட்டியும் அதை ஈடுசெய்ய முடியாது.

கேள்வி – களுதாவளை: கார்த்திகை மழையில் நாற்று அழுகிப் போகாதா? எங்களது கடற்கரை மணல்.

பதில்: அழுகும், மேலே கூரை இல்லாவிட்டால். மேடையை 15 சென்ரிமீற்றர் உயர்த்தி, பக்கங்கள் திறந்தபடி பொலித்தீன் பந்தல் போடுங்கள். வரிக்கு வரி 10 சென்ரிமீற்றர், ஆழம் 1 சென்ரிமீற்றர். முளைத்ததும் 2, 3 சென்ரிமீற்றருக்கு ஒன்று விட்டுக் கலையுங்கள். நெருங்கி நிற்கும் நாற்றில்தான் அடித்தண்டு நூல் போல மெலிந்து சாயும். தண்ணீர் காலையில் மட்டும்.

மணலில் நீர் நிற்காது, ஆகவே நீங்கள் பத்து நாள் முந்தி நடலாம். ஆனால் மழை யூரியாவைக் கழுவிக்கொண்டு போகும். நாலைந்து சின்னப் பங்காகப் பிரித்துப் போடுங்கள், உக்கிய மாட்டெருவைக் கூட்டுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைக் களியில் நடுபவர்கள் பெருமழை ஓயும்வரை பொறுத்து, 25 சென்ரிமீற்றர் உயரப் பாத்தியில் நடுங்கள். வேர் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் அடியிலை ஊதா கலந்து மஞ்சளாகும். அப்படிக் குறுகிய கன்று பிறகு பெரிதாகத் தேறாது.

கேள்வி – தம்பிலுவில்: கால் ஏக்கருக்கு எத்தனை கன்று, எவ்வளவு விதை?

பதில்: வரிக்கு வரி 50, கன்றுக்குக் கன்று 40 சென்ரிமீற்றர். வெறும் கணக்கில் 5,060 கன்று வரும். ஆனால் மாரியில் வாய்க்கால் இல்லாமல் நடக்கூடாது. ஒரு மீற்றர் பாத்தியில் இரண்டு வரி, இடையில் 40 சென்ரிமீற்றர் வாய்க்கால் என்றால் ஏறக்குறைய 3,600தான். சேதத்துக்கும் சேர்த்து 4,500 விதை. கிராமுக்கு 300 என்று பார்த்தால் 15 கிராம் போதும். கயிற்றில் 40 சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டுப் பிடித்து நடுங்கள், கண்மதிப்பு ஏமாற்றும். நாலைந்து இலை வந்த கன்றை அந்தி நேரம் நடுங்கள். குருத்துக்குள் மண் போகக்கூடாது.

கேள்வி – நிந்தவூர்: 30 சென்ரிமீற்றரில் நெருக்கி நட்டால் கூட விளையாதா?

பதில்: எண்ணிக்கை கூடும், உருண்டை சிறுக்கும். சின்னக் கோவா கேட்டு வாங்குபவர் இருந்தால் 45க்கு 30 சரி, ஆனால் மழை விட்ட பிறகு நடுபவர்களுக்கு மட்டும். மழையில் நெருக்கி நட்டால் இலை காயாது. இலை ஓரத்திலிருந்து உள்நோக்கி ஆப்பு வடிவில் மஞ்சள் இறங்கி, நரம்பு கறுக்கும் கருப்பழுகல் கன்றுக்குக் கன்று தாவும். 60க்கு 45 விட்டால் உருண்டை பெருக்கும். யூரியாவும் கூடினால் நடுத்தண்டு பொள்ளலாகும்.

கேள்வி – ஏறாவூர்: ஒரே கன்றில் நாலு சின்ன உருண்டை வந்திருக்கிறது. நெருக்கமா காரணம்?

பதில்: இல்லை, குருத்துப் புழு. நட்ட முதல் மூன்று கிழமைக்குள் நடுக்குருத்தைத் தின்றுவிட்டது, அதனால் பக்க அரும்புகள் கிளம்பின. அந்த வயதில் குருத்தை விரலால் மெல்ல விரித்துப் பாருங்கள்: மெல்லிய நூல்வலை, அதில் ஒட்டிய ஈரமான எச்சம், உள்ளே கோடு போட்ட சிறு புழு. வலையைக் கண்ட அன்றே கிள்ளி எடுத்து நசுக்குங்கள். தண்டுக்குள் போனால் மருந்து எட்டாது. நாற்றுமேடையை வலையால் மூடுவதுதான் நல்ல காவல்.

கேள்வி – களுவாஞ்சிக்குடி: வெட்டுக்கு ஒரு கிழமை இருக்க மழை பெய்து உருண்டை வெடிக்கிறது.

பதில்: காய்ந்து கிடந்த வேர் திடீரென நீரை இழுக்கும், இறுகிய வெளியிலை தாங்காது. கையால் அமத்திப் பார்த்து இறுகியதை மழைக்கு முன்னமே வெட்டுங்கள். மற்றதை இரண்டு கையாலும் பிடித்து அரைச்சுற்றுத் திருப்பி விடுங்கள். அடியில் சில வேர் அறுந்து, நீர் ஏறுவது குறையும்.