மிளகாய்த்தூள் கருத்துப்போவது ஏன்?

கேள்வி: 5 ஹெச்.பி. பல்வரைசரில் மிளகாய் அரைக்கிறேன். அரை மணி நேரத்தில் மெஷின் கொதிக்கிறது, தூள் கருக்கிறது. 10 ஹெச்.பி. போட்டால் சரியாகும், மானியமும் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஏஜென்ட். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். பல்வரைசரில் சுத்திகள் அடித்து நொறுக்கிய தூள், சல்லடை வழியாக உடனே வெளியேற வேண்டும். உள்ளேயே சுற்றினால் அடிமேல் அடி வாங்கிச் சூடாகும். நிறமும் வாசமும் போகும். மோட்டாரைப் பெரிதாக்கி என்ன பயன்?

முதலில் காற்று வெளியேறும் துணிப்பையைக் கழற்றி உதறுங்கள். பை அடைத்தால் காற்று ஓடாது. காற்று ஓடாவிட்டால் தூள் நகராது. பல மெஷின்களில் கோளாறு இங்கேதான். அடுத்து சுத்தி. முனை மழுங்கி உருண்டிருந்தால் திருப்பிப் போடுங்கள். மாற்றினால் எதிரெதிர் சுத்திகள் ஒரே எடையில் இருக்கட்டும். இல்லையென்றால் அதிர்ந்து பேரிங் போகும். ஒரே ஓட்டில் அரை மி.மீ. சல்லடை போடாதீர்கள். முதலில் 2 மி.மீ., ஆறவிட்டு அடுத்த ஓட்டில் அரை மி.மீ. மிளகாயும் காய்ந்திருக்க வேண்டும்: குலுக்கினால் விதை கலகலக்கணும், காம்பு பட்டென்று ஒடியணும்.

இதே மெஷினில் மஞ்சளும் அரைத்தால், அது வேறு கதை. விரலி மஞ்சள் கல் மாதிரி. முழுசாகக் கொட்டினால் சுத்தி தேயும், சல்லடை கிழியும், கிழிந்த கம்பி தூளில் கலக்கும். தனியாக உடைத்துக் குருணையாக்கிய பிறகே பல்வரைசரில் போடுங்கள். உடைக்கும் மெஷின் இல்லையென்றால் கூலிக்கு உடைத்து வாங்குங்கள். அவசரத்துக்குக் கொஞ்சம் என்றுகூட முழு மஞ்சளைப் போடாதீர்கள்.

அந்த மானியம், சிறு உணவுத் தொழில்களுக்காக மத்திய அரசு 2020-இல் கொண்டுவந்த பி.எம்.எஃப்.எம்.இ. திட்டமாக இருக்கும். தகுதியான செலவில் 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். கையில் வரும் பணமல்ல. வங்கிக் கடனோடு சேர்ந்தது. மூன்று வருடம் வங்கியிலேயே கிடந்து, கடன் ஒழுங்காக இருந்தால்தான் கடன் கணக்கில் கழியும். செலவில் குறைந்தது 10 சதவீதம் உங்கள் பங்கு. ஏஜென்ட் கொட்டேஷனில் விலையை ஏற்றி, அந்த ஏற்றத்தையே மானியம் என்று காட்டுவார். ஏறிய விலைக்கும் வட்டி கட்டுவது நீங்கள். விண்ணப்பத்துக்கு உதவ மாவட்ட வள நபர் இருக்கிறார், ஊதியத்தைத் திட்டமே தருகிறது. இதை ஊருக்குச் சொல்ல ஒரு போர்டு வைக்கக்கூட யாருக்கும் நேரமில்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் பிழைக்கிறார்.