வாசகர் கேள்வி – பதில்: நச்சு வாயுவை உணரும் நானோகுழாய்

கேள்வி: நச்சு வாயுக்களைக் கண்டறியக் கார்பன் நானோகுழாய்கள் பயன்படுகின்றன என்று படித்தேன். வெறும் கரியால் ஆன ஒரு குழாய், காற்றில் கலந்திருப்பது அமோனியாவா வேறு வாயுவா என்பதை எவ்வாறு அறிகிறது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: உண்மையில் அந்தக் குழாய் எந்த வாயுவையும் இனம் காண்பதில்லை. தன்மீது வந்து ஒட்டும் மூலக்கூறு எலக்ட்ரானைப் பறிக்கிறதா, கொடுக்கிறதா என்பதற்கேற்ப அதன் மின்கடத்துதிறன் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் நாம் அளக்கிறோம். ஜப்பானிய அறிவியலாளர் சுமியோ இஜிமா 1991இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் பரவலான கவனத்தைப் பெற்ற இக்குழாய்களில், ஒற்றைச் சுவர் கொண்டவற்றின் விட்டம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர்தான், அதாவது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அவற்றின் அணுக்கள் அனைத்துமே மேற்பரப்பில் அமைந்திருப்பதால், வெளியே ஒட்டும் சில மூலக்கூறுகள்கூட உள்ளே பாயும் மின்னோட்டத்தைப் பாதித்துவிடுகின்றன.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஹோங்ஜியே டாய் குழுவினர் இதை நேரடியாகக் காட்டினர். காற்றுபட்ட குறைகடத்தி (உலோகத்தைவிடக் குறைவாக மின்சாரம் கடத்தும்) நானோகுழாயில் மின்சாரத்தைச் சுமப்பவை பெரும்பாலும் நேர்மின் துளைகளே, அதாவது எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களே. எலக்ட்ரானைக் கவரும் நைட்ரஜன் டை ஆக்சைடை, பத்து லட்சத்தில் 200 பங்கு என்ற அளவில் செலுத்தியபோது துளைகள் பெருகி, கடத்துதிறன் சில நொடிகளில் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு உயர்ந்தது. எலக்ட்ரானைத் தரும் இயல்புடைய அமோனியாவை ஒரு சதவீத அளவில் செலுத்தியபோது துளைகள் குறைந்து, கடத்துதிறன் நூறில் ஒரு பங்காகக் குறைந்தது. இவையெல்லாம் அறை வெப்பநிலையிலேயே நிகழ்ந்தன என்பதுதான் சிறப்பு. வழக்கமான டின் ஆக்சைடு உணரிகளை 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கியே இயக்க வேண்டியிருக்கிறது, அதற்கு மின்சாரம் செலவாகிறது. குழாய்க்குப் பதிலாகக் கார்பனின் ஒற்றை அணுத் தகடான கிராபீனையும் பயன்படுத்தலாம். பிரிட்டனின் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழுவினர் 2007இல் தனித்தனி வாயு மூலக்கூறுகள் ஒட்டுவதையும் பிரிவதையும்கூட அதைக்கொண்டு கண்டறிந்தனர்.

கேள்வி: அப்படியானால், கழிவுநீர்க் குழிகளில் விஷவாயு தாக்கி மனிதர்கள் இறப்பதைத் தடுக்க இந்தக் கருவியை ஏன் இன்னும் பயன்படுத்தவில்லை? (வாசகர், மதுரை)

பதில்: மூலக்கூறு ஒட்டுவதில் சிக்கல் இல்லை, எது ஒட்டியது என்று அறிவதும், ஒட்டியதை விடுவிப்பதுமே கடினம். மேற்சொன்ன ஸ்டான்ஃபோர்ட் சோதனையில், நைட்ரஜன் டை ஆக்சைடு பட்ட குழாய் தூய ஆர்கான் வாயுவில் பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 12 மணி நேரம் ஆனது; 200 டிகிரிக்குச் சூடாக்கியபோது ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. சூடேற்றியாக வேண்டுமென்றால், அறை வெப்பநிலையில் இயங்கும் சிறப்பில் பாதி போய்விடுகிறது.

கழிவுநீர்க் குழியில் இதைவிடப் பெரிய இடையூறு ஈரப்பதம். நீராவியும் குழாயில் ஒட்டி மின்தடையை மாற்றுவதால், அளவீட்டில் எது நீராவியின் பங்கு, எது நஞ்சின் பங்கு என்று பிரிப்பது கடினமாகிறது. மேலும், அங்குள்ள மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் மாற்றம் செய்யப்படாத குழாயோடு பெரிதாக வினைபுரிவதில்லை. ஆகவே குழாயின்மீது வேறு பொருள்களைப் படியவைக்கிறார்கள்: ஹைட்ரஜனுக்குப் பல்லேடியம், ஹைட்ரஜன் சல்பைடுக்குத் தங்கத் துகள்கள் என்று வாயுவுக்கேற்பத் தேர்வு மாறுகிறது. வெவ்வேறு பூச்சுகளைக் கொண்ட பல உணரிகளை ஒரே மின்னணுச் சில்லில் (சிப்) வரிசையாக அமைத்து, அவை அனைத்தின் மாற்றங்களையும் சேர்த்துப் பார்த்து வாயுவை அடையாளம் காணும் முறையும் உண்டு. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் உருவாக்கிய அத்தகைய உணரி ஒன்று 2007இல் செயற்கைக்கோளில் ஏற்றிச் சோதிக்கப்பட்டது. தயாரிப்பிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. சாதாரண முறையில் உருவாகும் ஒற்றைச் சுவர்க் குழாய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகடத்தியாக இல்லாமல் உலோகத்தன்மை கொண்டவை. அவற்றைப் பிரித்தெடுக்காவிட்டால் ஓர் உணரியைப் போல் மற்றொன்று அமையாது.

இதற்கிடையே, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன், எரியக்கூடிய வாயு ஆகிய நான்கையும் காட்டும் கையடக்க அளவிகள் நெடுங்காலமாகவே விற்பனையில் உள்ளன. அவற்றுக்கு நானோகுழாய் தேவையில்லை. அழுகிய முட்டை நாற்றத்தை நம்பி இறங்குவது மிகவும் ஆபத்தானது. ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கும்போது மூக்கு அதன் வாடையை உணரும் திறனையே இழந்துவிடுகிறது. எனவே இன்று நிகழும் மரணங்களுக்குத் தொழில்நுட்பம் வராததைக் காரணமாகச் சொல்ல முடியாது. போதிய பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழிக்குள் மனிதரை இறக்குவதை, கையால் மலம் அள்ளும் தொழிலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டு இந்தியச் சட்டமே தடை செய்திருக்கிறது.

கேள்வி: வீட்டுச் சமையல் எரிவாயுக் கசிவை அறிய நானோகுழாய் உணரி வாங்கலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அவசியமில்லை. கசிவை மூக்கே உணரட்டும் என்பதற்காகத்தான் மணமற்ற அந்த வாயுவில் மெர்காப்டன் என்ற கடும் நாற்றப் பொருள் சேர்க்கப்படுகிறது. கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால், கடைகளில் கிடைக்கும் டின் ஆக்சைடு வகைக் கருவியே போதும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், அந்தக் கருவியைக் கூரைக்கு அருகில் மாட்டாமல் தரையிலிருந்து ஓரடி உயரத்திற்குள் பொருத்துங்கள்.